டெல்டா பாசனத் தரவில் பதில் தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்து ஆன்டாலஜியைச் சரிசெய்வது

கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் கடைமடையிலேயே நின்று மண்வெட்டி போட்டுப் பயனில்லை. தலைப்புக்குப் போய் ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். லிங்க்டு டேட்டாவில், அதாவது ஒன்றோடொன்று இணைத்து எழுதிய தரவில், க்வெரி (தரவிடம் கேட்கும் கேள்வி) என்பது கடைமடை. தப்பான வரி வந்ததும் க்வெரியில் ஒரு டிஸ்டிங்க்ட், ஒரு ஃபில்டர் சொருகி மறைத்துவிடலாம். அடுத்த க்வெரியில் அதே தப்பு வேறு வேஷத்தில் வந்து நிற்கும். கோளாறு பெரும்பாலும் தரவை எந்த வடிவத்தில் எழுதி வைத்தோம் என்பதில்தான் இருக்கும். அந்த வடிவங்களில் அடிக்கடி தேவைப்படுபவற்றை எடுத்துப் பொருத்திக்கொள்ளும்படி வார்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றைத்தான் ஆன்டாலஜி டிசைன் பேட்டர்ன் என்கிறோம். தரவில் என்னென்ன வகைகள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு, என்ன விதி என்று எழுதி வைப்பதே ஆன்டாலஜி.

கீழே வருபவை காவிரிப் படுகையின் ஆறு, வாய்க்கால், ஊர், நெல் ஆகியவற்றை ஆர்டிஎஃப் ட்ரிப்பிள்களாக (பொருள், உறவு, மதிப்பு என்ற மூன்று துண்டு வரிகளாக) எழுதி, ஸ்பார்க்கிள் என்ற க்வெரி மொழியில் கேட்பவர்களுக்கானவை. துண்டுகளில் பெயர்கள் தமிழிலேயே இருக்கின்றன. டெ:வகை என்று வரும் இடத்தில் உண்மைத் தரவில் rdf:type போட வேண்டும், ரீசனருக்கு அதுதான் புரியும். ட்ரிப்பிள்களை எழுதும் டர்ட்டில் வடிவம் தமிழ் எழுத்துப் பெயர்களை ஏற்கும். அவற்றில் உள்ள அளவும் தேதியும் விளக்கத்துக்காக இட்டவை.

எதைத் தொடுவதற்கு முன்பும் ரீசனரை (விதிகளிலிருந்து புதிய ட்ரிப்பிள்களை வருவிக்கும் நிரலை) அணைத்துவிட்டு அதே க்வெரியை மறுபடி ஓட்டுங்கள். தப்பான வரி மறைந்துவிட்டால், நீங்கள் எழுதிய ஏதோ ஒரு விதிதான் காரணம்: டொமைன், டிஸ்ஜாயின்ட், சேம்-ஆஸ் மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள் (மூன்றும் கீழே வரும்). மறையவில்லை என்றால் தரவின் வடிவமே தப்பு. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் ரீசனர் வருவித்த ட்ரிப்பிள்களை நீங்கள் எழுதியவற்றோடு கலந்து சேமித்திருந்தால் சோதனை பொய் சொல்லும். ரீசனரை அணைத்தாலும் பழைய முடிவுகள் அங்கேயே கிடக்கும். வருவித்தவை எப்போதும் தனி நேம்டு கிராஃபில் (பெயரிட்ட தனித் தொகுப்பில்) இருக்கட்டும்.

## நாலு வரி கேட்டால் அறுபத்து நாலு வருகிறது

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. திறப்பு அறிக்கை எக்செல்லில் நான்கு வரி. அதை ட்ரிப்பிள் ஆக்கும்போது பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் (இங்கே இரண்டு ஆறு மட்டும்):

```
டெ:கல்லணை
    டெ:திறந்தது  டெ:காவிரி , டெ:வெண்ணாறு ;
    டெ:கனஅடி     3000 , 3200 ;
    டெ:நேரம்      "06:00" , "08:00" .
```

இதில் 3,200 கன அடி எந்த ஆற்றுக்கு? தரவில் அது இல்லவே இல்லை. ஆறு, அளவு, நேரம் மூன்றும் தனித்தனியாகக் கல்லணையில் தொங்குகின்றன. ஆகவே க்வெரி எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கோக்கிறது: 4 ஆறு, 4 அளவு, 4 நேரம் என்றால் 64 வரி. இரண்டு ஆறுகளுக்கு ஒரே அளவு திறந்திருந்தால் அந்த எண் ஒரே ட்ரிப்பிளாகச் சுருங்கிவிடும். அப்போது 4 × 3 × 4, அதாவது 48 வரும். எண்ணிக்கை 64 ஆக இல்லையே என்று வேறு காரணம் தேட வேண்டாம், நோய் இதுதான்.

திறப்பு என்பது கல்லணையின் குணம் அல்ல, ஒரு நிகழ்வு. அதற்கென ஒரு கணு, அதாவது ட்ரிப்பிள்களைத் தொங்கவிடத் தனியாக ஒரு புள்ளி, வேண்டும். இது என்-ஆரி ரிலேஷன் என்னும் வடிவம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி இதற்கென்றே 2006-இல் ஒரு குறிப்பு வெளியிட்டது.

```
டெ:திறப்பு_கல்லணை_வெண்ணாறு_20240801_0600
    டெ:வகை          டெ:நீர்திறப்பு ;
    டெ:எங்கிருந்து     டெ:கல்லணை ;
    டெ:எந்த_ஆற்றில்   டெ:வெண்ணாறு ;
    டெ:வினாடிக்குக்_கனஅடி  3200 ;
    டெ:தேதி          "2024-08-01" ;
    டெ:நேரம்          "06:00" .
```

மாற்றும்போது மூன்று இடத்தில் வழுக்கும். முதலாவது, பழைய ட்ரிப்பிள்களிலிருந்து கன்ஸ்ட்ரக்ட் க்வெரி போட்டுப் புதிய கணுக்களை உண்டாக்க முடியாது. எந்த அளவு எந்த ஆற்றுக்கு என்ற தொடர்பு எழுதிய அன்றே தொலைந்துவிட்டது. மூல எக்செல்லுக்குப் போய்ப் புதிதாக ஏற்றுவது ஒன்றே வழி. அதனால்தான் ஏற்றி முடிந்ததும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.

இரண்டாவது, நிகழ்வுக் கணுவுக்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு வெற்றுக் கணுவாக விடுவது. அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றினால் வெற்றுக் கணுக்கள் புதிதாகப் பிறக்கும். ஒரு திறப்பு இரண்டாகும், மொத்தக் கன அடியும் இரட்டிக்கும். மேலே உள்ளதுபோல் இடம், ஆறு, தேதி, நேரம் சேர்த்துப் பெயர் கட்டினால் எத்தனை முறை ஏற்றினாலும் ஒன்றேதான்.

மூன்றாவது, உற்சாகத்தில் எல்லாவற்றையும் கணுவாக்கிவிடுவது. கல்லணையிலிருந்து வெண்ணாறு பிரிகிறது என்பது தேதி போட வேண்டிய செய்தி அல்ல. அது நேரடி ட்ரிப்பிளாகவே இருக்கட்டும். “எப்போது, எவ்வளவு, யார் சொல்லி” என்ற கேள்வி ஒட்டிக்கொண்டால் மட்டும் கணு.

மேட்டூர் நீர்மட்டத்துக்கும் இதே மருந்துதான். முழு நீர்மட்டம் 120 அடி என்பது அணையின் நிலையான குணம். இன்று காலை அளந்த மட்டம் ஒரு அவதானிப்பு. இரண்டையும் ஒரே ப்ராப்பர்ட்டியில் (ட்ரிப்பிளின் நடுவில் வரும் உறவில்) எழுதினால் சராசரி கேட்கும்போது 120-உம் கலந்து வரும். இதற்கு 2017-இல் வந்த சோசா சொற்தொகுதியில் அவதானிப்பு, இயக்கம் என்று இரண்டு கிளாஸ் (வகை) தயாராக இருக்கின்றன. மட்டம் பார்ப்பது முதலாவது, ஷட்டர் தூக்குவது இரண்டாவது.

## பம்புசெட் ஆறாகிவிட்டது

ரீசனர் ஓடிய பிறகு ஆறுகளின் பட்டியலில் ஒரு போர்வெல் உட்கார்ந்திருக்கிறது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை.

“பாசனம்_தருகிறது” என்ற ப்ராப்பர்ட்டிக்கு டொமைன் “ஆறு” என்று போட்டிருப்பீர்கள். ஆறு அல்லாத ஒன்று வந்தால் தடுக்கும் என்று நினைத்துப் போட்டது. டொமைன் காவல்காரர் வேலை பார்ப்பதில்லை. “பாசனம் தருவது எதுவானாலும் அது ஆறு” என்றே ரீசனர் அதைப் படிக்கிறது. போர்வெல் பாசனம் தருகிறது, ஆகவே ஆறு.

இதைத் திருத்தப் போய்ப் பலர் இன்னும் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. போர்வெல்லும் வரட்டும் என்று இரண்டாவது டொமைன் வரி சேர்ப்பார்கள். இரண்டு டொமைன் வரி என்றால் “இது அல்லது அது” இல்லை, “இதுவும் அதுவும்”. இப்போது காவிரியும் போர்வெல் ஆகிவிடும். செய்ய வேண்டியது: “நீராதாரம்” என்று ஒரு பொதுக் கிளாஸ் வைத்து அதை மட்டும் டொமைனாகப் போடுங்கள், அல்லது டொமைனையே எடுத்துவிடுங்கள். காவல் வேலைக்கு, தரவைச் சரிபார்க்கவென்றே, ஷேக்கிள் என்ற மொழி இருக்கிறது. 2017 முதல் டபிள்யூ3சி பரிந்துரை. எங்களைக் கேட்டால், ஆன்டாலஜி எழுதப் பழகும் ஆறு மாதத்துக்கு டொமைன், ரேஞ்ச் (மதிப்பின் பக்கத்துக்கு இதே மாதிரி விதி) இரண்டையும் தொடாமலே இருக்கலாம்.

## ஒரு வாய்க்கால் சேர்த்தவுடன் ஆன்டாலஜி முழுக்க முரண்பாடு

டெல்டாவுக்கே உரிய சிக்கல் இது. வேறு பகுதியில் செய்த பாசன ஆன்டாலஜியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கட்டாயம் முட்டும்.

அந்த ஆன்டாலஜியில் “பாசன வாய்க்கால்”, “வடிகால்” இரண்டும் டிஸ்ஜாயின்ட் என்று எழுதியிருக்கும். ஒன்று மற்றொன்றாக இருக்க முடியாது என்று பொருள். புத்தகத்தில் சரி. இங்கே மேல் பகுதி வயலின் உபரி நீர் எந்த வாய்க்காலில் வடிகிறதோ, அதே வாய்க்காலில் கீழே மடை திறந்து இன்னோர் ஊர் பயிர் செய்கிறது. மேலே இருப்பவருக்கு அது வடிகால், கீழே இருப்பவருக்குப் பாசனம். தரவு எழுதியவர் இரண்டு வகையையும் உண்மையாகவே எழுதுகிறார்; ரீசனர் முரண்பாடு என்கிறது.

ஆன்டாலஜி எழுதும் மென்பொருளான ப்ரொட்டீஜேயில் ஹெர்மிட் அல்லது பெல்லட் என்ற ரீசனரை ஓட்டி, முரண்பாடு வந்ததும் விளக்கம் கேளுங்கள். மூன்றே வரி வரும்: இது பாசன வாய்க்கால், இது வடிகால், இரண்டும் டிஸ்ஜாயின்ட். விளக்கத்தைப் படிக்காமல் டிஸ்ஜாயின்ட் வரியை அழித்துவிட்டால் முரண்பாடு போய்விடும்தான். ஆனால் “வடிகால்களின் மொத்த நீளம்”, “பாசன வாய்க்கால்களின் மொத்த நீளம்” என்று கேட்டுக் கூட்டும்போது அந்த வாய்க்கால் இரண்டிலும் ஏறும். தூர்வாரும் கணக்கில் ஒரே வாய்க்காலுக்கு இரண்டு முறை மதிப்பீடு போவது இப்படித்தான்.

பொருத்தமானது பங்கு வடிவம். வாய்க்கால் எந்தக் காலத்திலும் நீர்வழிதான். வடிகால், பாசனம் என்பவை அது ஒரு பரப்புக்காக ஏற்கும் பங்குகள்.

```
டெ:நீர்வழி_17   டெ:வகை  டெ:நீர்வழி ;
    டெ:நீளம்_மீட்டர்  2400 .

டெ:பங்கு_17_மேல்  டெ:வகை  டெ:வடிகால்_பங்கு ;
    டெ:ஏற்பது  டெ:நீர்வழி_17 ;
    டெ:யாருக்கு  டெ:மேலப்பரப்பு .

டெ:பங்கு_17_கீழ்  டெ:வகை  டெ:பாசனப்_பங்கு ;
    டெ:ஏற்பது  டெ:நீர்வழி_17 ;
    டெ:யாருக்கு  டெ:கீழப்பரப்பு .
```

நீளம் நீர்வழியில், ஒரே தடவை. டிஸ்ஜாயின்ட் விதியைத் தூக்கிப் போட வேண்டாம், இடம் மாற்றுங்கள்: வடிகால்_பங்கும் பாசனப்_பங்கும் டிஸ்ஜாயின்ட். ஒரு பங்கு இரண்டாகவும் இருக்க முடியாது, ஒரு நீர்வழி இரண்டு பங்கு ஏற்கலாம். தரவு ஏற்றும்போது ஒரே பங்குக் கணுவில் யாராவது இரண்டையும் எழுதிவிட்டால் ரீசனர் பிடித்துக்கொடுக்கும். அதே உத்தி ஆட்களுக்கும் செல்லும்: ஒருவரே விவசாயி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவர், வேறொருவர் நிலத்தின் குத்தகைதாரர்.

## தஞ்சாவூரும் திருநெல்வேலியும் ஒன்றே என்கிறது

சிரிக்க வேண்டாம், இரண்டே வரியில் நடக்கக்கூடியது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பாபநாசம், தெற்கே தாமிரபரணிக் கரையில் ஒரு பாபநாசம். பெயர் பொருந்தியதும் ஏதோ ஒரு தானியங்கி நிரல் இரண்டுக்கும் நடுவே சேம்-ஆஸ் (இரண்டு பெயரும் ஒன்றையே குறிக்கும் என்ற இணைப்பு) போட்டுவிடுகிறது. “மாவட்டம்” என்ற ப்ராப்பர்ட்டி ஃபங்க்ஷனல், ஓர் ஊருக்கு ஒரே மாவட்டம். இரண்டு ஊரும் ஒன்றே என்றால் அதன் இரண்டு மாவட்டங்களும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று ரீசனர் முடிவு கட்டுகிறது. பிறகு இரண்டு மாவட்டத்தின் எல்லா ஊரும் ஒரே கூடையில்.

வேலை செய்யும் வரிசை:

1. ரீசனரை நிறுத்தி, வருவித்த கிராஃபை முழுக்கக் காலி செய்யுங்கள். சேம்-ஆஸ் வரியை மட்டும் நீக்கினால் போதாது. அதிலிருந்து பிறந்தவை தங்கிவிடும்.
2. சேம்-ஆஸ் இணைப்புகளை எல்லாம் தனி நேம்டு கிராஃபுக்கு நகர்த்துங்கள். இனி ஒரே கட்டளையில் கழற்றலாம், மாட்டலாம்.
3. இணைந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) கொண்டு தூரம் பாருங்கள். இரண்டு பாபநாசங்களுக்கும் நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல். ஊர்களுக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஜோடிகளைக் கையால் சரிபார்த்தால் போதும்.
4. தேறியவற்றிலும் வகை பாருங்கள். கும்பகோணம் நகரம், கும்பகோணம் வட்டம், கும்பகோணம் ரயில் நிலையம் மூன்றும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றும் வேறு.

நான்காவதில்தான் அதிகம் சறுக்குவார்கள், தூரச் சோதனை அதைப் பிடிக்காது. “கிட்டத்தட்ட அதே” என்று சொல்ல, கருத்துகளை அடுக்கி எழுதும் சொற்தொகுதியான ஸ்காஸில் க்ளோஸ்-மேட்ச் இருக்கிறது. அது ஜோடிக்கு ஜோடி தாவிப் பரவாது. எக்ஸாக்ட்-மேட்ச் பரவும், ஆகவே அதிலும் கை அடக்கம் வேண்டும். மாயவரம், மயிலாடுதுறை போன்ற பழைய பெயர், புதிய பெயருக்கு இவை எதுவுமே வேண்டாம். ஊர் ஒன்று, பெயர் இரண்டு: ஒன்றை முதன்மை லேபிளாகவும் மற்றதை மாற்று லேபிளாகவும் போட்டால் முடிந்தது.

## பழைய ஆண்டின் மாவட்டக் கணக்கு உதைக்கிறது

ஒருங்கிணைந்த தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் வந்தது, நாகப்பட்டினத்திலிருந்து 2020 டிசம்பர் 28-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. “சீர்காழி, மாவட்டம், மயிலாடுதுறை” என்று ஒற்றை ட்ரிப்பிள் எழுதியிருந்தால், 2015 அறுவடையும் அப்போது இல்லாத மாவட்டத்தில் விழும். பழைய ட்ரிப்பிளை அழிக்காமல் புதியதையும் சேர்த்திருந்தால் அது இரண்டிலும் விழும்.

மாவட்டச் சேர்க்கையைக் காலம் ஒட்டிய கணுவாக எழுதுங்கள்: ஊர், மாவட்டம், தொடக்கம், முடிவு. முடிவுத் தேதியைச் சேராத் தேதியாக வையுங்கள். நாகப்பட்டினச் சேர்க்கை 2020-12-28 அன்று முடிகிறது, மயிலாடுதுறைச் சேர்க்கை அதே தேதியில் தொடங்குகிறது. ஃபில்டரில் தொடக்கம் கேட்ட நாளுக்குச் சமமோ முன்போ, முடிவு கேட்ட நாளுக்குப் பின். இரண்டு பக்கமும் “சமம்” போட்டால் அந்த ஒரு நாள் இரண்டு மாவட்டத்திலும் எண்ணப்படும். இன்னும் நடப்பில் உள்ள சேர்க்கைக்கு முடிவே இருக்காது. அதை ஆப்ஷனலில் எடுத்து “இல்லை அல்லது பிந்தியது” என்று கேளுங்கள். முடிவு தெரியாத இடத்தில் 9999 என்று நிரப்புவது பழைய டேட்டாபேஸ் வழக்கம், இங்கே தேவையில்லை.

## கொள்ளிடம் இரண்டு முறை வருகிறது, எழுத்து ஒன்றுபோலவே இருக்கிறது

தமிழில் பெயர் வைத்தால் வரும் தலைவலி. “கொ” என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆர்டிஎஃப் பெயர்களைக் குறிக்குக் குறி ஒப்பிடுகிறது, ஆகவே கொள்ளிடம் இரண்டு ஆறுகள். கொம்பும் காலும் சேரும் எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஸ்பார்க்கிளின் ஸ்டர்லென் சார்பால் பெயரின் நீளம் எண்ணிப் பாருங்கள். ஒன்று 9, மற்றது 10 என்று வந்தால் இதுதான். ஏற்றும் நிரலின் முதல் படியிலேயே எல்லா எழுத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு) மாற்றிவிடுங்கள். என்எஃப்சி காப்பாற்றாத ஒன்றும் உண்டு: ஔகாரத்துக்குக் கொம்போடு “ள” எழுத்தையே தட்டி வைத்திருப்பது. அது எழுத்துப்பிழை, தேடித் திருத்தத்தான் வேண்டும். கூடவே, மொழிக் குறி உள்ள லேபிளும் குறி இல்லாத வெறும் எழுத்துச் சரமும் ஸ்பார்க்கிளில் சமம் ஆகா. லேபிள் கண்ணெதிரே இருந்தும் க்வெரி வெறுங்கையோடு வந்தால் ஸ்டர் சார்பால் குறியை உரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

## “சம்பா” என்று கேட்டால் பருவமும் வருகிறது, அரிசியும் வருகிறது

சம்பா ஒரு பருவம். சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா ரகங்கள். பெயரில் சம்பா இருக்கிறது என்று இவற்றைச் சம்பாவின் துணைக் கிளாஸாகப் போட்டால், ஒரு நெல் ரகம் காலப்பகுதியின் ஒரு வகை என்று சொன்னதாகும்.

மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். குறுவை, சம்பா, தாளடி என்ற பொதுப் பருவங்கள் ஸ்காஸ் கருத்துகள். “2023 குறுவை” ஒரு குறிப்பிட்ட நிகழ்வு. அதற்கு நடவு, அறுவடைத் தேதிகள் உண்டு. ஆடுதுறை 43, சிஆர் 1009 போன்ற ரகங்கள் தனிப் பட்டியல். ரகம் கிளாஸா, தனியனா (ஒற்றைப் பொருளா) என்று நெடுநேரம் விவாதம் நடக்கும். ரகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள் என்றால், ஆடுதுறை 43-க்கு வயது சுமார் 110 நாள் என்பதுபோல், அது தனியன். குவியலில் உள்ள நெல்லை வகைப்படுத்துகிறீர்கள் என்றால் கிளாஸ். ஆன்டாலஜி எழுதும் மொழியான அவுலின் 2009-இல் வந்த பதிப்பு, அவுல் 2, ஒரே பெயரை இரண்டாகவும் எழுத அனுமதிக்கிறது. ஆனால் ரீசனர் அந்த இரண்டையும் தொடர்பற்ற இரண்டாகவே பார்க்கும். தனியனுக்கு எழுதிய 110 நாள் கிளாஸின் நெல்லுக்கு இறங்கி வராது.

ஸ்காஸில் “நெல்” என்று கேட்டு இரண்டு படி கீழே உள்ளவை வரவில்லை என்றால் பதற வேண்டாம். பிராடர் (ஒரு கருத்தின் மேல் கருத்தைக் காட்டும் உறவு) தானாகப் பல படி தாவாது. க்வெரியில் அந்த உறவுக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போடுங்கள்.

## தண்ணீர் வராத ஊர் எதுவென்று கேட்டால் ரீசனர் வாயே திறப்பதில்லை

ரீசனருக்கு, எழுதாதது இல்லாதது அல்ல, தெரியாதது, அவ்வளவே. “வந்தது” என்று ட்ரிப்பிள் இல்லாத ஊரை வராத ஊர் என்று அது சொல்லாது. ஸ்பார்க்கிளில் நாட்-எக்ஸிஸ்ட்ஸ் போட்டால் பட்டியல் வரும், ஆனால் அது “பதிவு இல்லாத ஊர்” பட்டியல். லஸ்கர் (வாய்க்காலைக் கவனிக்கும் பணியாளர்) நேரில் போய்ப் பார்த்து வரவில்லை என்று எழுதியதும், யாருமே போய்ப் பார்க்காததும் அதில் கலந்திருக்கும். வரவில்லை என்பதையும் ஓர் அவதானிப்பாக, தேதியோடு, மதிப்பு 0 என்று எழுதினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

இதன் மறுபக்கம்: ஒரு வாய்க்காலுக்கு அதிகபட்சம் ஒரு தலைப்புதான் என்று அவுலில் எழுதியிருக்கிறீர்கள், தரவில் இரண்டு இருக்கின்றன, பிழை வரவில்லை. வராது. தென்பெரம்பூர்_தலைப்பு, தென்பெரம்பூர்_ரெகுலேட்டர் என்ற இரண்டு பெயரும் ஒன்றையே குறிக்கின்றன என்று ரீசனர் முடிவு செய்துகொள்ளும். உங்களுக்கு எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்றால் ஷேக்கிளில் மின்-கவுண்ட் 1, மேக்ஸ்-கவுண்ட் 1.

## மொத்த விளைச்சல் ஒன்றரை மடங்கு

அலகு. கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, வியாபாரியிடம் மூட்டை 60 கிலோ. “மூட்டை 50” என்று இரண்டு இடத்திலிருந்தும் வந்ததை 60-ஆல் பெருக்கினால் நிலையத்துக் கணக்கு ஒன்றரை மடங்காகும். எண், அலகு, எதை அளந்தது மூன்றையும் ஒரே அளவுக் கணுவில் வையுங்கள். கிலோவாக மாற்றிய எண்ணைத் தனி ப்ராப்பர்ட்டியில் சேருங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். நிலத்துக்கும் அப்படியே: 20 மா ஒரு வேலி என்பது உறுதி, 3 மா ஓர் ஏக்கர் என்பது வாய்க்கணக்கு. முதலாவதை விதியாக எழுதலாம். இரண்டாவதை “தோராயம்” என்ற குறியோடு மட்டும்.